ஒரு வாரம்தான் அண்ணா: வீட்டில் ஃபாஸ்டர் செய்வது பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, நானும் வீட்ல ஃபாஸ்டர் பண்ணலாம்னு பாக்குறேன். என்னென்ன வாங்கி வைக்கணும்னு ஒரு லிஸ்ட் குடுங்களேன்." கொடுத்தேன். கூடை, மணல் தட்டு, சமையலறைத் தராசு, சிரிஞ்ச், பழைய துண்டுகள் என்று பத்து வரியில் முடிந்துவிட்டது. அனுப்பிய பிறகுதான் உறுத்தியது. அந்தப் பத்துப் பொருளும் 2021இலேயே என் வீட்டில் இருந்தன. அப்படியும் இரண்டு பூனைக்குட்டிகளை என் தவறால் சாகக் கொடுத்தேன். அதைச் சொல்லாமல் லிஸ்டை மட்டும் கொடுப்பது அரைகுறை வேலை. அதனால் இந்தப் பதிவு.

வழக்கமான எச்சரிக்கை: நான் கால்நடை மருத்துவன் கிடையாது. பகலில் நிரல் எழுதுகிறேன், இரவில் கண்டதையும் படிக்கிறேன். கீழே இருப்பது படித்ததும் பட்டதும். உங்கள் குட்டி சோர்ந்து படுத்திருந்தால் இதை மூடிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

ஃபாஸ்டர் என்றால் தெருவில் ஆபத்திலிருந்து மீட்ட பூனையையோ நாயையோ, நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. மூன்று வாரமும் ஆகலாம், ஐந்து மாதமும் ஆகலாம். "ஒரு வாரம்தான் அண்ணா" என்று சொல்லித்தான் எப்போதும் கொடுப்பார்கள். அந்த ஒரு வாரத்தை நம்பாதீர்கள்.

முதலில், அந்த விலங்கை மீட்க வேண்டியதுதானா என்று பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் மூன்று குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன என்று நமக்குத் தோன்றும். தாய் இரை தேடப் போயிருக்கும். வயிறு நிரம்பி, உடல் சூடாக, அமைதியாகத் தூங்கும் குட்டிகள் அநாதைகள் அல்ல. தள்ளி நின்று சில மணி நேரம் பார்த்தால் தாய் வந்துவிடும். அதற்குள் தூக்கிக்கொண்டு வந்தால் நாம் செய்தது கடத்தல்தான். வளர்ந்த தெருநாய்க்கும் இதே கதை. காது நுனியில் வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படிப்பட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்கின்றன. அதற்கு ஏற்கெனவே ஒரு தெருவும் பத்து வீட்டுச் சோறும் இருக்கும். ஃபாஸ்டர் தேவைப்படுவது தாயை இழந்த குட்டிகளுக்கு, அடிபட்டு ஆறிக்கொண்டிருப்பவற்றுக்கு, வீட்டில் வளர்ந்து தெருவில் விடப்பட்டவற்றுக்கு.

சரி, ஏன் வீடு? காப்பகம் இருக்கிறதே?

காப்பகத்தில் இருப்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் கூட்டம் என்பது கூட்டம்தான். எங்கெங்கிருந்தோ வந்த விலங்குகள், ஆளுக்கொரு கிருமியோடு, ஒரே கூரைக்குக் கீழே. தடுப்பூசி போடாத எட்டு வாரக் குட்டிக்கு அதைவிட ஆபத்தான இடம் குறைவு. எங்கள் துறையில் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைக்காதே என்போம், ஒன்று படுத்தால் எல்லாம் படுத்துவிடும். ஃபாஸ்டர் வீடுகள் செய்கிற வேலை இந்தப் பிரித்து வைத்தல்தான். பாசம், கவனிப்பு எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. ஒரு வீடு இரண்டாவது கூட்டத்தையும் மூன்றாவது கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டே போனால் அதுவும் ஒரு சின்னக் காப்பகமாகிவிடுகிறது. நான் செய்தது அதைத்தான்.

2021 ஜூன். ஒரு கார் பானட்டுக்குள்ளிருந்து எடுத்த குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டது. மூன்றாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது, குடிக்கவில்லை. மஞ்சளாக வாந்தி. நாய்க்குட்டிகளுக்கான பார்வோ கிட்டிலேயே டாக்டர் சோதித்துப் பார்த்தார். இரண்டு கோடு. அடுத்த நாள் காலை இறந்துவிட்டது. ரொம்ப வருத்தப்பட்டோம். அறையைக் கழுவினோம், ஃபினாயில் ஊற்றி இரண்டு தடவை. துணிகளை வெயிலில் காயவைத்து மடித்து வைத்தாள் என் மனைவி. எல்லாம் சுத்தம் என்றுதான் நினைத்தோம்.

பத்தொன்பதாம் நாள் அந்தத் தன்னார்வலப் பெண் மறுபடி கூப்பிட்டார். டீக்கடை ஷட்டருக்குப் பின்னால் மூன்று குட்டிகள், தாயை வண்டி அடித்துவிட்டது, மழை வேறு. "ஒரு வாரம்தான் அண்ணா." முதல் குட்டிக்கு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மழையில் மூன்று குட்டி என்று காதில் விழுந்த பிறகு வேறெதுவும் ஓடவில்லை. அதே அறை, அதே துண்டு. ஆறு நாளில் ஒன்று, எட்டாவது நாளில் இன்னொன்று. மூன்றாவதுக்கு நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றினோம், அது பிழைத்தது. செலவு பதினோராயிரம். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். பூனைகளுக்கு வரும் இந்த நோய்க்குப் பேன்லூகோபீனியா என்று பெயர். எல்லா வெள்ளணுக்களும் குறைந்துபோதல் என்று பொருள். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் போகும்: குடலின் உள்சுவர், எலும்பு மஜ்ஜை. குடல்சுவர் உரிந்து கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைகின்றன, அதே நேரத்தில் அவற்றோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்களும் இல்லை. இரண்டு பக்கமும் அடி.

என்னை நிலைகுலைய வைத்தது அடுத்த தகவல். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. கொரோனா வைரஸுக்கு அது உண்டு, அதனால்தான் சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் கரைந்து போனது. உறையில்லாத இந்தக் குடும்பம் வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். சானிடைசர் இதை ஒன்றும் செய்யாது. நான் ஊற்றிய ஃபினாயிலும் வாசனையைத் தவிர வேறெதையும் மாற்றியிருக்காது. அதோடு ஃபினாயில், டெட்டால் போன்றவை பூனைக்கே விஷம். அவற்றிலுள்ள பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. வேலை செய்வது ப்ளீச். 5 சதவீத ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு, பத்து நிமிடம் ஈரமாகவே நிற்க வேண்டும். அதற்கு முன் தரையைச் சோப்புப் போட்டு அழுக்குப் போகத் தேய்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கின் மேல் ஊற்றிய ப்ளீச் அழுக்கோடேயே தீர்ந்துவிடும். துணி, மெத்தை, மரப்பலகை போன்றவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம், கட்டித் தூக்கிப் போடுங்கள். நாங்கள் அந்தத் துண்டை மடித்து வைத்தோம் பாருங்கள், அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

நாயும் பூனையும் சேர்ந்து இருக்கும் வீட்டுக்காரர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் கவனியுங்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நமக்கெல்லாம் பழைய நோய் மாதிரித் தெரிகிறது. 1970களின் நடுப்பகுதிவரை அப்படியொரு நோயே உலகத்தில் பரவலாக இல்லை. 1978இல் அடையாளம் கண்டார்கள், இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பூனைப் பேன்லூகோபீனியா வைரஸ், அல்லது அதன் மிக நெருங்கிய உறவு ஒன்று, நாய்க்குத் தாவியதில் வந்தது அது. முதலில் வந்த நாய் வைரஸ் பூனையைத் தொற்றவில்லை. பின்னால் வந்த 2ஏ, 2பி, 2சி ரகங்கள் பூனையையும் தொற்றும். ஆகவே "இது நாய் நோய், பூனைக்கு வராது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

எனவே இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்: வருகிற எந்த விலங்கும் 14 நாள் தனி அறையில். பேன்லூகோபீனியாவும் பார்வோவும் தொற்றி அறிகுறி காட்ட பெரும்பாலும் பத்து நாளுக்குள் ஆகிவிடும், பதினான்கு என்பது கொஞ்சம் இடம் விட்டு வைத்த கணக்கு. தனி அறை என்பது பெட்ரூமாக இருக்க வேண்டியதில்லை, பால்கனியை ஒட்டிய குளியலறை போதும். டைல்ஸ் தரை, கழுவலாம். உள்ளே போக ஒரு லுங்கி, ஒரு டீஷர்ட், ஒரு ஜோடி செருப்பு. வெளியே வரும்போது அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரணும். வீட்டில் ஏற்கெனவே பூனையோ நாயோ இருந்தால் அதன் தடுப்பூசித் தேதியை முதலில் பாருங்கள். விருந்தாளிக்காக வீட்டுக்காரனைப் பலி கொடுக்கக் கூடாது.

"தடுப்பூசி போட்டுட்டா முடிஞ்சதில்லையா?" என்று அம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குட்டிக்குப் போகின்றன. அவை வைரஸையும் அடிக்கும், தடுப்பூசியையும் அடிக்கும். வாரம் ஆக ஆக அவை குறைகின்றன. நடுவில் ஒரு காலம் வரும்: தடுப்பூசியை முடக்கும் அளவுக்கு இருக்கும், ஆனால் நிஜ வைரஸைத் தடுக்கப் போதாது. ஒரு குட்டிக்கு இது எட்டாவது வாரத்தில் வரலாம், கூடப் பிறந்ததற்கே பன்னிரண்டில் வரலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறெட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது ஊசியை "பூஸ்டர்" என்கிறோம். நிஜத்தில் ஒவ்வொன்றும் புதிய முயற்சி, எது பிடிக்கும் என்று தெரியாததால் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுகிறோம். முதல் ஊசி போட்ட மறுநாளே குட்டியைத் தெருவில் நடத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூனைக்குட்டி மனிதர்களை நம்பக் கற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம்வரை. நாய்க்குட்டிக்கு மூன்றிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் எழுதிய புத்தகம் இதில் அடிப்படை. அந்த வாரங்களில் மனிதர்களைப் பார்க்காத குட்டி பிற்பாடு எவ்வளவு அன்பு காட்டினாலும் பயந்தே இருக்கும். ஆக, வெளியே விடக் கூடாத அதே வாரங்களில்தான் உலகத்தைக் காட்டியும் ஆக வேண்டும். வீடு உதவுவது இங்கேதான். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், சீரியல் அழுகை, பக்கத்து வீட்டு டிரில்லிங் மெஷின் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்கும். என் மகள் தினமும் அரை மணி நேரம் அந்த லுங்கி-செருப்புச் சட்டப்படி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பாடம் சத்தமாகப் படிப்பாள். குட்டிகளுக்கு வேதியியல் நன்றாக வரும் என்று கேலி செய்வோம்.

கண் திறக்காத குட்டி வந்தால் நிலைமையே வேறு. வேலைக்குப் போகிறவர்கள் தனியாக அதை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவும் சேர்த்து. பசும்பால் கொடுத்தால் பேதி, அதற்கென்று விற்கும் குட்டிப் பால் பவுடர்தான் வேண்டும். குப்புற வைத்துத்தான் புகட்ட வேண்டும். குழந்தை மாதிரி மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குட்டியின் உடல் சில்லென்று இருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால், ஏனென்றால் குளிர்ந்த உடலில் குடல் வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்பக்கம் துடைத்துவிட வேண்டும், முதல் மூன்று வாரம் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறவில்லை என்றால் கவனிக்க வேண்டும், இறங்கினால் அன்றே டாக்டர். கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்னால் தராசுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டிலிருக்கும் மருந்தைக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் அரை மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணி போக விடும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான்.

இனி நம் உயிர். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்பது தெரிந்ததே. ஆனால் தெருவிலிருந்து வந்த குட்டி கீறினால் "குட்டிதானே" என்று விடுகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். கடியோ கீறலோ, 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அன்றே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். அடிக்கடி விலங்குகளைக் கையாள்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு கடிபட்டால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. நானும் மனைவியும் மகளும் போட்டுக்கொண்டோம். அம்மா மட்டும் "எனக்கெதுக்குடா, நான் கிட்டயே போறதில்ல" என்றார். அவர் மடியில்தான் இப்போதைய குட்டி தூங்குகிறது. போட்டுவிட்டோம்.

பணமும் பொறுப்பும் யாருடையது என்பதை விலங்கு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும். மருத்துவச் செலவு யார், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது, வீடு கிடைக்கவில்லை என்றால் எந்தத் தேதியில் யார் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காததால் எட்டு மாதமாக நாயை வைத்துக்கொண்டு தன்னார்வலரின் போனுக்காகக் காத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். சலித்துப்போய்த் தெருவில் விட்டுவிடலாமா என்றால், பட்டினி கிடக்கும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். (அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நம்மூர் ருக்மிணி தேவி இருக்கிறார். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை, அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகு திரும்பப் பெற்றார். கலாக்ஷேத்ராவை மட்டும் நினைவு வைத்திருக்கிறோம்.)

கடைசியில் கொடுத்து அனுப்புவது. 2023இல் கால் முறிந்த ஒரு நாட்டு நாய்க்குட்டி, நாலு மாதம், பெண், எங்களோடு இருந்தது. தங்கமான குணம், ஒன்றைத் தவிர. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமும். ஒரு குடும்பம் பார்க்க வந்தது, இரண்டு வயதுக் குழந்தையோடு. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "அதெல்லாம் இப்ப சொல்லாதீங்க அண்ணா, போகப் போக சரியாயிடும்" என்று தன்னார்வலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கஷ்டம் எனக்குப் புரியும், காத்திருப்பில் இன்னும் ஐந்து நாய்கள். ஆனால் அது உறுமுவதை மூன்று மாதம் தினமும் பார்த்தவன் நான் ஒருவன்தான். சொன்னேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் ஏழு வாரம் யாரும் வரவில்லை. மனைவி, "உண்மை பேசினது போதும், நாமளே வெச்சுக்கலாங்க" என்றாள். வைத்துக்கொண்டால் அந்த அறை நிரந்தரமாக மூடிவிடும், அடுத்து வருவதற்கு இடமில்லை. கடைசியில் குழந்தைகள் வெளிநாட்டில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு தம்பதி, சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டு கூட்டிப் போனார்கள். மகள் அன்று சாப்பிடவில்லை. கருத்தடை ஆகாத குட்டியைக் கொடுத்தால், ஆனதும் சான்றிதழ் அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், நாம் ஒன்றைக் காப்பாற்றி ஐந்தைத் தெருவுக்கு அனுப்பியதாகிவிடும்.

எங்கள் அறைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உள்ளே வந்த தேதி, திறக்கும் தேதி, அவ்வளவுதான். போன வாரம் அந்தத் தன்னார்வலப் பெண் கூப்பிட்டார். இரண்டு குட்டி, மழை, ஒரு வாரம்தான் அண்ணா. தாளைப் பார்த்தேன். பதினான்காம் தேதிவரை முடியாதும்மா என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு அலுவலகத் தம்பியின் நம்பரைக் கொடுத்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன். "அண்ணா, பாத்ரூம் கதவுக்கு அந்தப் பக்கம் ரெண்டும் கத்திக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுப் பூனை வேற கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. ஹால்ல விட்டுடவா?"

"எத்தனாவது நாள்?"

"இன்னிக்குத்தான் வந்துச்சு."

"லுங்கி மாத்திக்கிட்டு நீ உள்ள போ" என்றேன். "போய் தரையில உக்காரு."